கேன்வாஸ் ஷூவோடு போன போர்

பட்ஜெட் வந்தாலே "ராணுவத்துக்கு எதுக்கு இவ்வளவு கொட்டுறாங்க"ன்னு ஒரு பதிவு என் டைம்லைனில் தவறாமல் வந்துவிடும். நியாயமான கேள்விதான். ஆனால் 1962-ல் சீனாவோடு நடந்த போரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்கலாம்.

அந்த அக்டோபரில் வடகிழக்கு எல்லையில், நம்கா சூ ஆற்றங்கரையில் நின்ற ஜவான்கள் பலருக்குப் பருத்திச் சீருடை, கேன்வாஸ் ஷூ. கையில், ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டை இழுத்துச் சுட வேண்டிய பழைய .303 துப்பாக்கி. எதிரே சீனர்களிடம் தானியங்கி ஆயுதங்கள். நவம்பர் 18-ல் லடாக்கின் ரெசாங் லா கணவாயில், 16,000 அடிக்கு மேல், மேஜர் ஷைத்தான் சிங்கின் குமாவுன் ரெஜிமென்ட் கம்பெனியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் வீழ்ந்தார்கள். வீரத்தில் குறையே இல்லை. குறை டெல்லியின் கணக்குப் புத்தகத்தில். போர் மூண்ட பிறகு பெண்கள் வளையலைக் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தார்கள். அந்தத் தங்கம் பூட்ஸாகி மலையேறுமுன் சண்டையே நின்றுவிட்டது.

இன்று ராணுவத்துக்கு ஒதுக்கும் தொகை பெரிதுதான். ஆனால் ஏறக்குறைய பாதி சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் போகிறது (கொடுத்துத்தான் ஆக வேண்டும்). மிச்சத்தில்தான் விமானம், கப்பல், குண்டு எல்லாம். 1963-ல் வந்த மிக்-21 போர் விமான ரகத்தை 2025 செப்டம்பர் வரை ஓட்டியிருக்கிறோம்! அதனால் பட்ஜெட் அன்று மொத்தத் தொகையை விட்டுவிட்டு, புதுத் தளவாடத்துக்கு எவ்வளவு என்றுதான் நான் முதலில் தேடுவேன்.