கோச்சியில் பதுளை வரை

எங்கள் ஊரில் சுற்றுலா என்றால் வேன் பிடிப்பது. தேனிப் பக்கம் பழனிசெட்டிபட்டியிலிருந்து தேக்கடிக்கும் வேன்தான், திருச்செந்தூருக்கும் வேன்தான். தூக்குவாளியில் புளியோதரை, வாந்திக்கென்று நாலு பாலிதீன் பை, விடிகாலை 4 மணிக்குக் கிளம்பினால் ராத்திரி 12-க்கு வீடு. ரயிலில் போகலாமே என்று யாருக்கும் தோன்றாது. தோன்றுவதற்கு ரயிலும் இல்லை. 1928-இல் வந்த மதுரை – போடி மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதை ஆக்குகிறோம் என்று 2010 கடைசியில் மூடினார்கள். தேனிக்கு மறுபடி வண்டி வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூனில். என் மகள் 2014-இல் பிறந்தவள். எட்டு வயது வரை சொந்த ஊர் ஸ்டேஷனில் ஒரு ரயிலைப் பார்த்ததில்லை.

அதனால்தான் 2024 கோடை விடுமுறைக்கு இலங்கை என்று முடிவானதும் ஒன்றில் பிடிவாதமாக நின்றேன். வீட்டுக்காரர் போட்டு வைத்திருந்த திட்டத்தில் ஏழு நாளில் ஏழு ஊர்: சிகிரியா, திருகோணமலை, காலி, எல்லாவற்றுக்கும் வேன். பத்து வயதுப் பெண், ஆறு வயதுப் பையன், மூட்டு வலியோடு அத்தை. இவர்களை வைத்துக்கொண்டு அது நடக்காது. கொழும்பிலிருந்து பதுளை வரை சுமார் 290 கிலோமீட்டருக்கு ஒரே தண்டவாளம் போகிறது. அதை நாலு துண்டாக வெட்டுவோம், எந்தத் துண்டும் அரை நாளைத் தாண்டக் கூடாது, பாதையில் இல்லாத ஊர் நமக்கு இல்லாத ஊர் என்றேன். சிகிரியா விட்டுப்போனதில் அவருக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

மதுரையில் விமானம் ஏறினால் கொழும்புக்கு ஒரு மணி நேரம். தேனியிலிருந்து மதுரை விமான நிலையம் போய்ச் சேர்வதற்கே அதைவிட அதிக நேரம் ஆயிற்று.

கொழும்பு கோட்டை நிலையத்தில் பிள்ளைகளை முதலில் பிடித்தது பெயர்ப்பலகை. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதியிருக்கிறது. தமிழில் ‘புகையிரத நிலையம்’. “புகையே காணோமேம்மா” என்றான் பையன். டீசல் எஞ்சின் கொஞ்சம் தள்ளிப் போய் அவன் குறையைத் தீர்த்து வைத்தது.

முன்பதிவு பயணத்துக்கு 30 நாள் முன்னால்தான் திறக்கும். திறந்த கையோடு தீர்ந்தும் போகும். முதல் வகுப்பு ஏ.சி. பெட்டியில் சன்னலைத் திறக்க முடியாது. பிள்ளைகளோடு போனால் இரண்டாம் வகுப்பே மேல். காற்று வரும், வடைக்காரரைக் கூப்பிடலாம். மூன்று துண்டுக்கு இரண்டாம் வகுப்பு கிடைத்தது. இரண்டாம் துண்டான கண்டி – நானுஓயாவுக்குக் கிடைக்கவில்லை. தங்கியிருந்த விடுதிக்காரர் ‘ஏற்பாடு’ செய்கிறேன் என்று மூன்று மடங்கு விலை சொன்னார். வேண்டாம் என்று மூன்றாம் வகுப்புக்குச் சாதாரண டிக்கெட் எடுத்தோம். அதனால் என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் துண்டு கண்டி வரை. றம்புக்கணை வரைக்கும் தென்னையும் வயலுமாகச் சமதளம், அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அங்கே மலையேற உதவிக்கு இன்னொரு எஞ்சினை மாட்டுகிறார்கள். பிறகு கடுகண்ணாவை ஏற்றம். நீலகிரியில் மீட்டர் கேஜ் பாதைக்குப் பற்சட்டம் வைத்து வண்டியை ஏற்றினார்கள். இங்கே நம் ஊரில் இப்போது போட்டிருக்கும் அதே 5 அடி 6 அங்குல அகலப்பாதை, பல்லும் சட்டமும் இல்லாமல் சுமார் 45 அடிக்கு ஓர் அடி என்று ஏறுகிறது. 1867-இல் கண்டிக்கு ரயில் போய்விட்டது. ஜனங்களுக்காகப் போட்டதல்ல, காப்பிக்காக. மலைத்தோட்டத்துக் காப்பியை மாட்டு வண்டியில் துறைமுகத்துக்கு இறக்கிக் கட்டுப்படியாகாமல் தோட்டத்துரைமார் கேட்டு வாங்கிய ரயில் இது. அதே 1867-இல்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். இரண்டு வருடத்தில் காப்பிச் செடியில் இலைத்துரு நோய் வந்தது. காப்பி மடிந்தது, ரயில் தேயிலைக்கு மாறிக்கொண்டது.

கண்டி இந்தப் பாதையில் நேராக இல்லை. பேராதனைச் சந்தியில் பிரிந்து போக வேண்டும். கண்டிக்குள் போய்விட்டு மலைக்குப் போகிற வண்டி வந்த வழியே திரும்பித்தான் வெளியே வரும். “ஊருக்குத் திரும்புறோமா?” என்று அத்தை பதறிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அந்த மூன்றாம் வகுப்பு. பெட்டிக்குள் கால் வைக்க இடமில்லை. பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். கம்பளை தாண்டியதும், “ஏம்மா, இன்னும் எம்புட்டு நேரம்?” என்று ஆரம்பித்தான். நாவலப்பிட்டியில் சன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா, “இந்தா, கொண்டா புள்ளைய” என்று வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். அத்தைக்கு இடம் விட்டு அவர் பேத்தி எழுந்து நின்றாள். அட்டனில் இறங்குகிற தோட்டக் குடும்பம். எந்த ஊரு என்றார். தேனிப் பக்கம் என்றால் தெரியவில்லை. மதுரைக்கு மேற்கே என்றதும் முகம் மாறியது. “எங்க பாட்டனும் மதுரை ஜில்லாதான்.” 1996 வரை நாங்களும் மதுரை மாவட்டம்தானே! அத்தையும் அவரும் அதற்குப் பிறகு எங்களைச் சட்டை செய்யவில்லை.

அவர் ரயிலைக் ‘கோச்சி’ என்றார். என் மகள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள், இன்னும் விடவில்லை. அவர் சொன்ன இன்னொன்று: “எங்க சித்தப்பா குடும்பம் இதே கோச்சியிலதான் இந்தியாவுக்குப் போனாங்க. அப்புறம் பாக்கல.” 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் இவர்களைப் போன்ற தோட்டத் தமிழர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிக் கணக்குப் போட்டது. தாத்தாவும் பாட்டியும் கால்நடையாக வந்த மலையிலிருந்து பேரன் பேத்திகள் ரயிலில் இறங்கித் தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறினார்கள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தினமும் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் பெண்கள் சாயங்காலம் வீடு திரும்பிவிடுகிறார்கள். கடல் தாண்டிய மலையேற்றம் அப்படி அமையவில்லை. இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வடை வந்துவிட்டது.

பள்ளிக்கூட நோட்டுத் தாளில் மடித்த பருப்பு வடை. தாளில் யாரோ ஒரு பிள்ளை போட்ட கணக்கு, சிவப்பு மையில் சரி போட்டிருந்தது. மகள் அதைச் சரிபார்த்துக்கொண்டே தின்றாள்.

அட்டனைத் தாண்டினால் சிங்கமலைச் சுரங்கம், இந்தப் பாதையிலேயே நீளமானது. இருட்டில் பெட்டியே கூச்சல் போட்டது, அத்தை உட்பட. பிறகு கொட்டகலை, தலவாக்கலை, இரண்டு பக்கமும் தேயிலை, இடையிடையே தொழிலாளர் குடியிருக்கும் தகரக் கூரை லயங்கள். நாலு மணி நேரத்தில் நானுஓயா. நுவரெலியாவுக்கு ரயில் கிடையாது, இங்கே இறங்கித்தான் போக வேண்டும். அந்தச் சிறு தூரத்து வளைவுச் சாலையில்தான், பயணம் முழுக்க ஒரே ஒரு தடவை, பாலிதீன் பையை எடுத்தோம். வேனில்தான்.

நானுஓயாவிலிருந்து எல்ல வரையுள்ள மூன்றாம் துண்டுக்காகவே இந்தப் பயணத்தைத் திரும்பப் போவேன். பட்டிப்பொல நிலையம் 6,200 அடிக்கு மேல் இருக்கிறது, நம் மூணாறைவிட உயரம். அதைத் தாண்டி ஒரு சுரங்கம். உள்ளே போகும்போது மூடுபனி, அடுத்த பக்கம் வெயில். ஒஹிய, இதல்கஸ்ஹின்ன என்று பையனால் சொல்ல முடியாத பெயர்கள். மலைமுகட்டின் மேலேயே வண்டி போகிறது. சுரங்கங்களை எண்ணிக்கொண்டே வந்தவன் அப்புத்தளைக்கு அருகில் தூங்கிவிட்டான், கணக்கு அங்கேயே நிற்கிறது. இந்தத் துண்டில் ஒரு பயமும் உண்டு. வாசலில் தொங்கிப் படம் எடுக்கிறார்கள். பாறை இடித்தும் தவறி விழுந்தும் செத்தவர்கள் இருக்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளை பார்த்ததைச் செய்யும். அவன் சட்டைக் காலரைப் பிடித்தபடியே நான் மலையைப் பார்த்தேன்.

எல்லவிலிருந்து பதுளை ஒரு மணி நேரம். 1894-இல் பண்டாரவளைக்கு வந்துவிட்ட ரயில் இந்தக் கடைசிக் கொஞ்ச தூரத்தைக் கடந்து பதுளையைத் தொட 1924 ஆகிவிட்டது. ஏன் என்பது வழியில் தெரியும். முதலில் ஒன்பது வளைவுப் பாலம், 1921-இல் முடிந்தது. கல், செங்கல், சிமென்ட்தான். அடுத்து தெமோதரை. மேலே இருக்கும் நிலையத்திலிருந்து கிளம்பும் வண்டி மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. ஒரு கங்காணி தலைப்பாகை கட்டியதைப் பார்த்துத்தான் எஞ்சினியருக்கு இந்த யோசனை வந்தது என்று அங்கே கதை சொல்கிறார்கள். வீட்டுக்காரர் டிக்கெட்டின் பின்பக்கம் வரைந்து காட்டிய பிறகுதான் எனக்கே விளங்கியது. சிகிரியாவை அந்த ஒரு மணி நேரம் அவர் மறந்திருந்தார்.

1924 என்றதும் எனக்கு நம் பக்கத்து மலை ஞாபகம் வந்தது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை அப்போது ஒரு குறும்பாதை ரயில் ஓடியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பி வடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கின, பிறகு போடிக்கு. அந்த வருட வெள்ளத்தில் ரயில் அடியோடு போயிற்று, திரும்ப யாரும் போடவில்லை. பதுளைக்கு ரயில் வந்ததும் நம் மலை ரயில் போனதும் ஒரே வருடம். எங்கள் வண்டி இன்றைக்கும் போடியில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் பஸ்தான்.

பதுளையில் தண்டவாளம் முடியும் இடம் வரை பிள்ளைகள் நடந்து போய்ப் பார்த்தார்கள்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் இந்த மலைநாட்டில் பல இடங்களில் மண் சரிந்து, பாதையும் பலமாகச் சேதப்பட்டது. எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரை வண்டி ஓடுகிறது என்று விசாரித்துவிட்டு விமான டிக்கெட் எடுங்கள்.