சித்தப்பாவின் ‘டைனோசர் முட்டை’க்கு வயது 250 கோடி!

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் ‘டைனோசர் முட்டை’களுக்குப் பஞ்சமே இல்லை. எங்காவது ஏரியைத் தூர் வாரினால் போதும். உருண்டையாக ஒரு கல், சுற்றிலும் நாலு பேர், கீழே ‘அதிகம் பகிரவும்’ என்று ஒரு வரி. உண்மையா, பொய்யா என்று விசாரித்து எழுதுவது என் வேலை. இந்த முறை போட்டோ அனுப்பியவர், உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் சித்தப்பா.

“ஒருத்தர் வந்து பார்த்துட்டுப் போனாரும்மா. அஞ்சு லட்சம் வரைக்கும் போகுமாம். டெஸ்ட் பண்றதுக்கு மட்டும் இருபத்தஞ்சாயிரம் முன்பணம் கட்டணும்னு சொல்றாரு.”

அந்தப் பணத்துக்குச் சித்தியின் செயினை அடகு வைப்பதாக ஏற்பாடு. தங்கைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டவேண்டிய நேரம் வேறு. “திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்க சித்தப்பா” என்று சொல்லிவிட்டு, ஞாயிறன்று பஸ் ஏறினேன்.

போவதற்கு முன் தெரிந்த புவியியல் பேராசிரியர் ஒருவருக்குப் போட்டோவை அனுப்பினேன். அவர் கல்லைப் பற்றிப் பேசவே இல்லை. “உங்க ஊர்ல தரைக்குக் கீழே என்ன பாறை?” என்றுதான் கேட்டார்.

அதுதான் முதல் கேள்வியாம். மணலும் சேறும் படிந்து இறுகிய படிவுப் பாறைகளில்தான் பொதுவாகப் புதைபடிவங்கள் கிடைக்கும். எங்கள் பக்கத்துக் கிணறுகளிலும் குவாரிகளிலும் இருப்பது கருங்கல். அதில் ஒரு வகை சார்னோகைட். பூமிக்குள் மிக ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவானது. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். டைனோசர்கள் தோன்றியதோ சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். இந்தக் கல்லுக்குள் டைனோசரைத் தேடுவது, தாத்தாவின் கல்யாண போட்டோவில் பேரனைத் தேடுவது மாதிரி!

அடுத்தது அளவு. மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் கிடைத்த 256 டைனோசர் முட்டைகளைப் பற்றி 2023-ல் ஆய்வு வெளியானது. அவற்றின் குறுக்களவு 15 முதல் 17 செ.மீ.தான். சித்தப்பாவின் கல்லை டேப் வைத்து அளந்தோம்: 41 செ.மீ.

“அப்போ இந்த ஓடு?” என்று உரிந்திருந்த மேல்பகுதியைக் காட்டினார். கருங்கல்லின் விரிசலில் தண்ணீர் இறங்கும்போது மூலைகள்தான் முதலில் சிதையும். அதனால் கல் உருண்டையாகி, வெங்காயச் சருகுபோல் அடுக்கடுக்காக உரியும். உடைந்த இடத்தைக் கழுவிப் பார்த்தோம். உள்ளே கரும்பச்சையாக மின்னியது, எங்கள் கிணற்றுப் பாறை போலவே.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சித்தியிடம், “செயினை உள்ள வை” என்றார். முன்பணம் கேட்டவருக்குப் போன் செய்து, “டெஸ்ட் பண்ற ஆபீஸ் எங்க இருக்கு? நாங்களே நேர்ல எடுத்துட்டு வர்றோம்” என்றேன். லைன் கட்டானது. அப்புறம் அந்த நம்பர் எடுக்கவே இல்லை.

ஏமாறுவது எளிதுதான். ஏனென்றால், நம் தமிழ்நாட்டில் நிஜமான புதைபடிவங்களும் உண்டு. நம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதிப் படிவுகளில் டைனோசர் காலத்து இலைத் தடங்கள் கிடைத்திருக்கின்றன. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களைப் பார்க்கலாம். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல்மரமே கிடக்கிறது. 2020 அக்டோபரில் அதே மாவட்டத்தின் குன்னத்தில் ‘டைனோசர் முட்டை’ என்று பரபரப்பானவையும் முட்டைகள் அல்ல; அம்மோனைட் என்ற கடல் உயிரினத்தோடு தொடர்புடைய படிவ உருண்டைகள் என்று நிபுணர்கள் விளக்கினார்கள். பல வீடுகளில் பூஜையில் இருக்கும் சாளக்கிராமத்தின் சக்கரமும் பெரும்பாலும் அம்மோனைட்டின் தடம்தான்!

மாமல்லபுரம் கடற்கரையில் உங்கள் பிள்ளைகள் பொறுக்கி வரும் கற்களையும் இப்படிப் பார்க்கலாம். செடிபோல் கறுப்புக் கிளைகள் தெரிந்தால் உடனே இலைப் படிவம் என்று முடிவு செய்யவேண்டாம். மாங்கனீஸ் தாது விரிசலில் படிந்தாலும் அப்படித்தான் இருக்கும். நடுவில் நரம்பு, இருபுறமும் ஒழுங்கான அமைப்பு இருந்தால் கவனியுங்கள். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படமெடுங்கள். உடைக்கவோ ஆசிட் ஊற்றவோ வேண்டாம். ஓரம் செதுக்கிய கல்லாக இருந்தால் அது ஆதிமனிதனின் கருவியாகவும் இருக்கலாம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்ததும் அப்படி ஒரு கல்தான்.

சந்தேகம் இருந்தால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலோ, கல்லூரிப் புவியியல் துறையிலோ கேளுங்கள். கல்லைக் கையில் வாங்கிப் பார்ப்பதற்கு முன்பே காசு கேட்பவரிடம் மட்டும் கேட்காதீர்கள்.

எங்கள் ஊர்க் கல்லில் டைனோசர் இல்லாவிட்டால் என்ன? பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைத் தேர்தல் விதிகள் 1,100 ஆண்டுகளாக உத்திரமேரூர்க் கோயில் கல்லில்தான் நிற்கின்றன. அதைப் பார்க்க முன்பணம் எதுவும் கட்டவேண்டாம்.