பதினோரு வருஷத்துப் பசு

பி.காம். படித்தவனுக்குக் கம்ப்யூட்டர் கெர்னலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயம்தான். என் அக்கா மகனும் அதையேதான் கேட்டான். பெங்களூரில் லினக்ஸோடு மல்லுக்கட்டிச் சம்பளம் வாங்குகிறவன். தீபாவளிக்கு வந்த இடத்தில், பலகாரத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு லேப்டாப்பையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"மெமரி பக் மாமா. நூறு தடவை ஓட்டினா ஒரு தடவைதான் வருது. உங்களுக்குப் புரியாது."

இந்த 'புரியாது' என்ற வார்த்தை எனக்கு ஆகாது. புரிகிற மாதிரி ஒன்று சொல்லேன் என்று பிடித்துக்கொண்டேன். அவன் சொன்னது ஒரு பசு மாட்டுக் கதை. பிறகு நானே தேடியும் படித்தேன்.

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிமடி, கெர்னல். எந்த புரோகிராமுக்கு எவ்வளவு மெமரி என்று பங்கு பிரிப்பது அதன் முக்கிய வேலை. மெமரியைப் பெரும்பாலும் 4 கே.பி. பக்கங்களாக வெட்டி வைத்திருக்கும். பேஜ் என்றேதான் பெயர். பத்து புரோகிராம்கள் ஒரே ஃபைலைப் படித்தால் பத்து நகல் எடுத்து மெமரியை வீணாக்காது. ஒரே பக்கத்தை எல்லோருக்கும் காட்டும். யாராவது தன் இஷ்டத்துக்கு எழுத வந்தால் மட்டும் அந்த ஆளுக்குத் தனி நகல். காப்பி ஆன் ரைட். ஆங்கிலத்தில் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'கௌ'. எழுதப்பட்ட பக்கத்தை 'அழுக்கு' என்பது கெர்னல் பாஷை. ஆகவே இதில் வந்த ஓட்டைக்கு 'டர்ட்டி கௌ' என்று பெயர் வைத்தார்கள். லோகோ, வெப்சைட் எல்லாம் உண்டு.

ஓட்டை எப்படிப்பட்டது? எனக்குத் தெரிந்த ஆடிட்டர் ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன். ஒரிஜினல் லெட்ஜர் பீரோவில் இருக்கிறது. யாரும் படிக்கலாம், பேனா வைக்கக் கூடாது. கிறுக்கணும் என்றால் ஜெராக்ஸ். நான் போய், 'எழுத வேண்டும்' என்று சீட்டு நீட்டுகிறேன். கிளார்க் ஜெராக்ஸ் எடுத்து மேஜையில் வைக்கிறார். இனி இவன் எழுதப்போவது ஜெராக்ஸில்தானே, மறுபடி எதற்குக் கேள்வி என்று சீட்டிலிருக்கும் 'எழுத' என்ற வார்த்தையை அடித்துவிடுகிறார். அவர் திரும்புவதற்குள் என் கூட்டாளி அந்த ஜெராக்ஸைக் குப்பைக்கூடையில் போட்டுவிடுகிறான். கிளார்க் பார்க்கிறார், மேஜை காலி. சீட்டைப் பார்க்கிறார், 'எழுத' இல்லை. சரி, படிக்கத்தானே கேட்கிறான் என்று பீரோவைத் திறந்து ஒரிஜினலையே நீட்டிவிடுகிறார். என் கையில் பேனா!

ஒரு தடவையில் நடக்காது. கூட்டாளி அந்த இமைக்கும் நேரத்துக்குள் சரியாக நுழைய வேண்டும். ஆனால் கம்ப்யூட்டருக்குக் கை வலிக்காதே, ஓயாமல் முயலும். ஒரு தடவை பலித்தால் போதும். சாதாரண யூஸர், தொடக்கூடாத ஃபைலைத் திருத்தி மொத்த மெஷினுக்கும் எஜமானன் ஆகிவிடலாம். ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான் என்பதால் போன்களுக்கும் இதே கதி.

2016 அக்டோபரில் இது வெளியே வந்தது. கண்டுபிடித்தவர் பில் ஓஸ்டர். தன் சர்வருக்கு வரும் எச்.டி.டி.பி. போக்குவரத்தையெல்லாம் பதிவு செய்து வைக்கிற பழக்கம் உள்ளவர். யாரோ உள்ளே புகுந்தபோது, புகுந்தவன் கொண்டுவந்த ஆயுதம் அந்தப் பதிவிலேயே சிக்கியது. அதாவது, நல்லவர்களுக்குத் தெரியுமுன்பே திருடனுக்குத் தெரிந்திருக்கிறது.

இதைவிட என்னை உட்கார வைத்த விஷயம் வேறு. லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸே 2005-ல் இந்த இடத்தைப் பார்த்திருக்கிறார். திருத்தமும் போட்டிருக்கிறார். அந்தத் திருத்தம் ஐ.பி.எம்.மின் எஸ்390 மெயின்ஃப்ரேமில் போய் இடித்தது. ஒரு பக்கம் அழுக்கானதா என்று குறித்து வைக்கும் முறை அங்கே வேறு. ஆகவே வாபஸ். ஏட்டளவில்தானே நடக்கக்கூடும் என்ற நினைப்பு. பிற்பாடு எஸ்390 சிக்கல் தீர்ந்துவிட்டது. கெர்னலும் வேகமாக வளர்ந்து, ஏட்டளவில் இருந்தது எளிதில் நடக்கிற காரியமாகிவிட்டது. பழைய திருத்தத்தை மட்டும் யாரும் தூசி தட்டவில்லை. 2016-ல் மறுபடி சரி செய்தபோது, பதினோரு வருஷம் முன்பு நான் மோசமாகத் திருத்த முயன்றது இது என்று திருத்தக் குறிப்பிலேயே டோர்வால்ட்ஸ் எழுதிவைத்தார். நம்மூரில் எந்த மேனேஜர் இப்படி எழுதுவார்?

எனக்கு 2001 ஞாபகம் வந்தது. ஆடிட்டர் ஆபீசில் எடுபிடியாக இருந்தேன். ஒரு கம்பெனியின் டிரயல் பேலன்ஸில் 63 ரூபாய் உதைத்தது. வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால், எங்கோ எண்கள் இடம் மாறியிருக்கின்றன என்று முதலில் சந்தேகப்படணும். ராத்திரி பத்து மணி வரை தேடி, 81-ஐ 18 என்று எழுதியிருந்த இடத்தைப் பிடித்துத் திருத்தினேன். காலையில் பார்த்தால் அது இன்னொரு கிளையின் கணக்கில் இடித்தது. சீனியர் என் திருத்தத்தை அடித்துவிட்டு, "சஸ்பென்ஸ்ல போடுப்பா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். அந்த 63 ரூபாய் இன்னும் அங்கேயே இருக்கிறதோ என்னவோ, நான் வேலையை விட்டுப் பத்திரிகைக்கு வந்துவிட்டேன்.

2016 திருத்தம் சின்னதுதான். சீட்டில் 'எழுத' என்பதை இனி அடிக்காதே. 'ஜெராக்ஸ் கொடுத்தாயிற்று' என்று தனியாகக் குறி. பேனாவை வைக்க விடுமுன், கையிலிருப்பது ஜெராக்ஸ்தானா என்று அழுக்குக் குறியை வைத்துப் பார். அவ்வளவே. ஆனால் கெர்னலில் 2 எம்.பி. அளவுள்ள பெரிய பக்கங்களும் உண்டு. ஜெராக்ஸ் எடுக்காமலே அவற்றில் அழுக்குக் குறி விழ ஒரு வழி இருந்தது. அதற்கு இன்னொரு பசு, 2017 நவம்பரில். பழையதைப் போல ஊரையே மேயாது என்றாலும் பசு பசுதானே.

கார்த்திகை முடியுமுன் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, அந்த பக்கைப் பிடிச்சுட்டேன்."

"எத்தனை வரிடா?"

"மூணே வரி."

"வேற எங்கயும் போய் இடிக்கலையே?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பார்க்கணும் மாமா" என்றான்.