மன்றோ துரையும் பாட்டியின் சுருக்குப் பையும்

அமெரிக்காவில் அந்தக் காலத்தில் மாநில வங்கிகள் ஆளாளுக்கு நோட்டு அச்சடித்தன என்று படித்தபோது சிரிப்பு வந்தது. நம்மூரிலும் அதே கதைதான்! 1843ல் தொடங்கிய மதராஸ் வங்கியும் சொந்தமாக நோட்டு வெளியிட்டது. அதில் தாமஸ் மன்றோவின் படம். சென்னை தீவுத்திடல் பக்கம் அங்கவடி இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். ரயத்துவாரி வரி கட்டிய செங்கல்பட்டு விவசாயியின் கைக்கு அந்த நோட்டு வந்திருக்குமா, சந்தேகம்தான். 1861 சட்டம் நோட்டு அடிக்கும் உரிமையை அரசுக்கு மாற்றிவிட்டது.

சரி, பாட்டி கதைக்கு வருகிறேன். மாமல்லபுரத்தில் இருக்கும் என் பாட்டிக்கு எழுத்து தெரியாது. படம்தான் கணக்கு. "காந்தித் தாத்தா பின்னாடி ஆளுங்க நடந்து போனா ஐநூறு" என்பார். (உப்புக்காக நடந்த தண்டி யாத்திரை அது.) 2017 பொங்கலுக்கு அரிசிப் பானையைக் கவிழ்த்தபோது சுருக்குப் பையில் அப்படி ஒன்பது நோட்டு. வங்கிக் கணக்கில் போடும் கெடு டிசம்பரோடு முடிந்திருந்தது.

"படம் அப்படியேதானடா இருக்கு?" என்று திருப்பித் திருப்பிக் காட்டினார். பள்ளிக்கூடப் பையன் நான் என்ன சொல்ல? புது நோட்டை எடுத்து, "கோட்டை இருந்தா ஐநூறு பாட்டி" என்று சொல்லிக் கொடுத்தேன். தலையாட்டிவிட்டு, அந்த ஒன்பதையும் மறுபடி சுருக்குப் பையிலேயே போட்டுக்கொண்டார்.