ஒரு சாக்லெட், ஏழு பேர்!

ராத்திரி எட்டரைக்கு மேல் எங்கள் வீட்டில் டி.வி. கிடையாது, செல்போன் கிடையாது. 'அடடா, லட்சியக் குடும்பம்!' என்று அவசரப்பட்டுப் பாராட்டிவிடாதீர்கள். எல்லாம் என் ஆறு வயது மகளின் உத்தரவு. அந்த நேரத்தில் நான் கதை வாசித்தாக வேண்டும். ஆபீஸில் மானேஜர், வீட்டில் இவள். சம்பளம் கொடுப்பது மட்டும் அவர்.

போன மாசம் முழுக்க ஓடிய கதை, ரோல்ட் டால் எழுதிய 'சார்லி அண்ட் த சாக்லெட் ஃபாக்டரி'. 1964-ல் வந்த புத்தகம். மொத்தம் 30 அத்தியாயம். தினம் ஒன்று வீதம், ஒண்ணாம் தேதி ஆரம்பித்தால் அடுத்த சம்பளத்துக்குச் சரியாக முடியும். இங்கிலீஷில் படித்து, தமிழில் சொல்ல வேண்டியது என் டியூட்டி.

தலைப்பைப் பார்த்தால் ஒரே தித்திப்பு மாதிரி இருக்கும். உள்ளே போனால், முதல் பத்து அத்தியாயத்தில் முக்கால்வாசி பசிதான் சார்! சார்லி வீட்டில் ஏழு பேர். தாத்தா-பாட்டி இரண்டு ஜோடி. நாலு பேருக்கும் ஒரே கட்டில். காலையில் ரொட்டி, மத்தியானம் உருளைக்கிழங்கு, ராத்திரி முட்டைக்கோஸ் சூப்.

"முட்டைக்கோஸ் சூப்னா என்னப்பா?"

"முட்டைக்கோஸை வேகவெச்ச தண்ணி."

"தேங்காய் போடலையா?"

"இல்லை."

"தாளிக்கவுமில்லையா?"

"ஊஹூம்."

"ஐயோ, பாவம்!"

மறுநாள், எப்போதும் ஓரமாக ஒதுக்கிவைக்கிற முட்டைக்கோஸ் பொரியலை மறுபேச்சில்லாமல் சாப்பிட்டாள். இரண்டு வருஷமாக என் மனைவி போராடியும் நடக்காத காரியம்!

இந்த ரோல்ட் டால் இங்கிலாந்தில் ரெப்டன் என்ற பள்ளியில் படித்தவர். காட்பரி கம்பெனி அங்கே பையன்களுக்குப் புது சாக்லெட்டுகளைப் பெட்டியில் போட்டு அனுப்பும். தின்றுபார்த்து மார்க் போட வேண்டும். "எங்க ஸ்கூலுக்கு ஏன் அனுப்பலை?" என்று கேட்டாள் மகள். எனக்கும் அதே ஆதங்கம்தான். எங்கள் ஸ்கூலில் மார்க் எங்களுக்குத்தான் போட்டார்கள்!

சார்லிக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு சாக்லெட், பிறந்தநாளன்று. துளித்துளியாகக் கடித்து ஒரு மாசத்துக்கு மேல் ஓட்டுவான். அதைப் போய் எல்லோருக்கும் நீட்டுகிறான். ஒருத்தரும் வாங்கவில்லை.

"ஏம்ப்பா, அவங்களுக்குச் சாக்லெட் பிடிக்காதா?"

"பிடிக்கும். குழந்தை சாப்பிடட்டுமேன்னு..."

"அப்ப, பொய் சொல்றாங்க!"

எங்கள் வீட்டில் மாம்பழம் நறுக்கினால் என் அம்மா கொட்டையைத்தான் எடுத்துக்கொள்வார். 'எனக்கு இதுதான்டா பிடிக்கும்' என்பார். நாற்பது வருஷமாக இதே வசனம். மறுநாள் மகள் ஒரு பெரிய துண்டைப் பாட்டி தட்டில் வைத்துவிட்டு, கொட்டையைத் தான் எடுத்துக்கொண்டாள். "பாட்டி, பொய் சொல்லக் கூடாது!" அம்மா என்னைப் பார்த்தார். நான் பேப்பரைப் பார்த்தேன்.

சார்லியின் அப்பாவுக்கு டூத்பேஸ்ட் ஃபாக்டரியில் வேலை. டியூபுக்கு மூடி திருகுவது. நாள் முழுக்க அதேதான்.

"நீ ஆபீஸ்ல என்னப்பா பண்ணுவே?"

ஒரு கட்டத்திலிருக்கிற நம்பரை இன்னொரு கட்டத்துக்கு மாற்றுவதை எப்படி விளக்குவது? "நானும் மூடி திருகறேன்மா" என்றேன்.

பத்தாவது அத்தியாயத்தில் அந்த ஃபாக்டரியை இழுத்து மூடிவிடுகிறார்கள். எங்கள் ஆபீஸிலும் அந்த வாரம்தான் 'ஆள்குறைப்பு' என்று காதோடு காதாகச் சேதி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து செக்ஷனில் இரண்டு நாற்காலி காலி. வீட்டில் நான் மூச்சு விடவில்லை. அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடலாமா என்று ஒரு சபலம். அடக்கிக்கொண்டு வாசித்தேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "உன் ஆபீஸையும் மூடுவாங்களாப்பா?"

சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் சட்டென்று நின்றது.

"தெரியலைம்மா. மூடினா வேற வேலை தேடுவேன். சார்லியோட அப்பா தெருவில பனி அள்ளப் போனாரே, அந்த மாதிரி."

"நம்ம ஊர்ல அள்ற அளவுக்கு ஏதுப்பா பனி?"

சமையலறையிலிருந்து சிரிப்பு வந்தது. பின்னாலேயே மனைவியும் வந்து உட்கார்ந்தாள். மகள் தூங்கியபிறகு, கையிருப்பு எவ்வளவு, எத்தனை மாசம் தாங்கும் என்று இரண்டு பேரும் காகிதத்தில் எழுதிப்பார்த்தோம். எழுதாமல் தலைக்குள் இருந்தவரை கணக்கு இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

சேதி இன்னும் அடங்கவில்லை. நாற்காலியும் இன்னும் இருக்கிறது.

பிரம்மச்சாரி நண்பர்களே, உங்களுக்கும் அண்ணன் பிள்ளை, அக்கா பிள்ளை இருக்குமே? ஒரு புத்தகம், இரண்டு கடலைமிட்டாய் போதும், ஆரம்பித்துவிடலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: பல் தேய்ப்பதற்கு முன்னால் வாசியுங்கள். தின்னக் கேட்கும். பிள்ளைக்கு இல்லை, உங்களுக்கு!

பல் என்றதும் ஞாபகம் வருகிறது. இப்போதெல்லாம் காலையில் நான் பேஸ்ட் மூடியை எங்கேயாவது போட்டால் மகள் தேடி எடுத்து, இறுக்கித் திருகிவைக்கிறாள். "ஓர் அப்பா போட்ட மூடிப்பா. தொலைச்சிடாதே!"