ஸ்பின்டில் ஆட்டம்: சில குறிப்புகள்

லேத்தில் பார்ட்டிங் டூல் கத்தினாலும், ஃபேசிங்கில் அலை அலையாகக் கோடு விழுந்தாலும் பழி பேரிங்மேல்தான் போகிறது. பேரிங்கை இறுக்கும் நட்டில் கை வைக்கும் முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: டூல் அளவுக்கு மீறி நீட்டிக்கொண்டிருக்கிறதா, அதன் முனை சென்டர் உயரத்தில் நிற்கிறதா, குறுக்கு ஸ்லைடின் கிப் தளர்ந்திருக்கிறதா. மூன்றும் சரியென்றால்தான் ஹெட்ஸ்டாக் பக்கம் போகலாம்.

*

டயல் கேஜைச் சக்கில் வைத்துப் பார்ப்பது வீண்வேலை. நல்ல மூன்று தாடைச் சக்கிலேயே 0.05 மி.மீ. ஓட்டம் இருக்கும். காந்த ஸ்டாண்டைப் பெட்டில் நிறுத்தி, முனையை ஸ்பின்டில் மூக்கில் வைக்க வேண்டும். சக்குக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து மேலே நெம்பி விடு. முள் நகர்ந்து பழைய இடத்துக்குத் திரும்பினால் அது ஆட்டம். சுற்றும்போது சுற்றுக்கு ஒருமுறை முள் போய்வந்தால் அது ரன் அவுட். நட்டை இறுக்கி அதைத் தீர்க்க முடியாது.

*

தச்சர் சொல்லும் ஒரு நூல் 1/8 அங்குலம், 3.175 மி.மீ. இங்கே தேடுவது 0.01 மி.மீ. நூலில் முந்நூறில் ஒரு பங்கு.

*

கடையநல்லூர் லேத் பட்டறை அண்ணாச்சி, நான் நெம்பிக் காட்டியதைப் பார்த்துவிட்டு: “பெல்ட்ட மொதல்ல கழத்துங்க தம்பி. அது இழுக்கிற இழுப்புல ஆட்டம் எங்க தெரியும்?” உண்மைதான். பெல்ட் ஸ்பின்டிலை ஒரு பக்கமாக இழுத்து வைத்திருந்தால் உள்ளே இருக்கும் தளர்வு மறைந்துவிடும். கழற்றியபின் முள் இரண்டு கோடு கூடுதலாக நகர்ந்தது.

*

சிறிய சீன லேத்தில் ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கம் இரண்டு நட்டுகள். உள் நட்டு பேரிங்கை இறுக்க, வெளி நட்டு பூட்டுக்கு. வெளி நட்டைத் தளர்த்தி, உள் நட்டைக் கொஞ்சமே கொஞ்சம் திருப்பி, அதை அசையாமல் பிடித்துக்கொண்டு வெளி நட்டைப் பூட்ட வேண்டும். பிறகு மறுபடி கேஜ். பூட்டும்போதே மரையில் உள்ள தளர்வு ஒரு பக்கம் ஒதுங்கிவிடுவதால், பூட்டுமுன் பார்த்த அளவு பூட்டியபின் நிற்பதில்லை. சி ஸ்பேனர் இல்லையென்று உளியும் சுத்தியலும் எடுத்தால் அடி பந்துகளில் இறங்கி, ரேஸில் குழி விழும்.

*

குளிர்ந்த மெஷினில் வைத்த இறுக்கம் பாதி உண்மைதான். ஓடும்போது ஸ்பின்டில் ஹெட்ஸ்டாக்கைவிடச் சூடாகிறது. எஃகு 1 மீட்டருக்கு 1 டிகிரியில் ஏறக்குறைய 11.5 மைக்ரான் நீளும். இரண்டு பேரிங்குக்கும் நடுவே 100 மி.மீ., சூட்டு வித்தியாசம் 20 டிகிரி என்றால் 0.023 மி.மீ. நீளம். தேடிக்கொண்டிருந்த ஆட்டத்தைவிட இது பெரிது.

இந்த நீட்சி பின்நட்டைப் பின்னால் தள்ளித் தளர்த்துகிறது. அதே சூட்டில் உள்ரேஸ் பருத்து இறுக்குகிறது. எது ஜெயிக்கும் என்பது பேரிங்குகளின் இடைவெளியையும் கோணத்தையும் பொறுத்தது. ஆகவே சூத்திரம் தேடாமல் அரைமணி வேகமாக ஓடவிட்டு, நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, சூடு ஆறுமுன் அளந்துவிட வேண்டும். ஹெட்ஸ்டாக்கில் உள்ளங்கையை வைத்தால் வெதுவெதுப்பு போதும். கையை எடுக்க வைத்தால் இறுக்கம் அதிகம்.

*

சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் நின்றால் எல்லாமே மாறிவிடும் என்று தோன்றும். அப்படி இல்லை. வெயில் ஹெட்ஸ்டாக்கையும் ஸ்பின்டிலையும் சேர்த்தே சூடாக்குகிறது. கெடுப்பது இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம். வெயிலைவிடக் குற்றாலச் சாரல் மாதங்கள்தான் தொல்லை: எண்ணெய் தடவாத பெட்டில் ஒரே ராத்திரியில் துரு.

*

பழைய லேத்துகள் பலவற்றில் பந்தும் இல்லை, ரோலரும் இல்லை. இங்கிலாந்தில் நாட்டிங்காம் பக்கம் பீஸ்டனில் 1946 முதல் செய்த மைஃபோர்ட் எம்எல்7 லேத்தில் ஒயிட்மெட்டல் பேரிங். இரண்டாகப் பிளந்த மூடிக்கு அடியில் அடுக்கடுக்கான ஷிம். தேய்மானம் கூடினால் ஓர் அடுக்கை உரித்துவிட்டு மூடியை இறுக்கலாம். அங்கே எண்ணெய்ப் படலத்துக்கு இடம் விட்டாக வேண்டும். ஆட்டம் பூஜ்யமானால் பேரிங் எரிந்துபோகும்.

*

பந்து பேரிங் கையால் மெதுவாகச் சுற்றும்போது கரகரத்தால் இறுக்கிப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். சிறு லேத்தில் பெரும்பாலும் 6206: உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62, அகலம் 16 மி.மீ. பல மின்மோட்டார்களிலும் இதே எண் என்பதால் காயில் கட்டும் கடையில் விசாரித்தால் கிடைத்துவிடும். சாதா 6206-இல் உள் இடைவெளி 5 முதல் 20 மைக்ரான், சி3 என்றால் 13 முதல் 28. சி3 வந்தாலும் குடிமுழுகிப் போகாது. நட்டு அச்சு வழியே இறுக்கும்போது அந்த இடைவெளியை எடுத்துவிடும்.

டேப்பர் ரோலர் வேண்டுமென்றால் 30206. உள்ளும் வெளியும் அதே அளவு. அகலம் மட்டும் 17.25. ஒவ்வொன்றிலும் 1.25 மி.மீ. கூடுவதால் ஸ்பேசரை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். திறந்த பேரிங் என்பதால் இரும்புத் தூள் புகாமல் மூடியும் வேண்டும். ஸ்பேசரைக் குறைக்க லேத் தேவைப்படும் என்பதால், ஹெட்ஸ்டாக்கைப் பிரிக்கும் முன்பே அதைக் கடைந்து வைத்துவிடுவது நல்லது.