தந்தையாரின் வானொலி

எங்கள் இளமை ரப்பர்த் தோட்டத்து லயத்தில் கழிந்தது. ஊர் உறங்கியபின் தந்தையார் சிற்றலை வானொலியைத் திருப்புவார். விண்ணின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலைகள் கடல் கடந்து வந்து சேரும்; லண்டன் பி.பி.சி. தமிழோசை இரைச்சலுக்கிடையே தேய்ந்தும் வளர்ந்தும் ஒலிக்கும்.

1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி அம்மையார் சுடப்பட்டார். இறந்தார் என்றனர் சிலர். பிழைத்தார் என்றனர் சிலர். “இரு நிலையங்கள் கூறட்டும், பிறகு நம்புவோம்” என்றார் தந்தையார். அன்றிரவு ஆகாசவாணியும் தமிழோசையும் மறைவை உறுதிப்படுத்தின. கூடியிருந்த அண்டை வீட்டார் கண் கலங்கினர்.

1941இல் தோன்றிய தமிழோசை, 2017 ஏப்ரலில் சிற்றலையில் ஓய்ந்தது. தந்தையாரும் இன்றில்லை. ஆயினும், மாணவச் செல்வங்களே, கைப்பேசியில் வதந்தி வரும்போதெல்லாம் அவர் குரல் எங்களுக்குக் கேட்கிறது: “இரு நிலையங்கள் கூறட்டும்.”